பாசிப்பச்சைக் குடும்பம்

இந்த வருஷப் பெருநாள் போனஸ் புறாவுக்குத்தான் என்று வாகியோ சபதம் எடுத்துவிட்டார்.

ஜாவாக்காரனுக்கு வீடு, பெண்டாட்டி, பெர்குதுத் புறா மூன்றும் இருந்தால்தான் ஆம்பளை என்று பேர். வாகியோவுக்கு முதல் இரண்டும் உண்டு. இரண்டாவதின் கையில்தான் முதலாவது இருந்தது. மூன்றாவதையாவது தன் கையில் வைத்துக்கொள்ளலாமே என்று ஆசை. கிளாத்தேன் சந்தையில் ஒரு புறா பார்த்து வைத்திருந்தார். அது ஒரு தடவை கூவினால் தொண்டையில் வெல்லப்பாகு இறங்கும். சித்திர வேலை செய்த கூண்டுகூட முன்கூட்டியே வாங்கி வாசலில் தொங்கவிட்டாயிற்று. குடியிருக்க ஆள்தான் பாக்கி.

மனைவி சுமார்னிக்கு வேறு சபதம். கட்டினவனை "மாஸ், மாஸ்" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே காலை வாருகிற ஊர் அது.

"மாஸ், பக்கத்து வீட்டு எண்டாங் அக்கா குடும்பம் போன பெருநாளுக்கு மஞ்சள்ல நின்னு படம் எடுத்தாங்களே, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். மாம்பழக் கூடை மாதிரி இருந்தாங்க."

"இந்த வருஷம் நாமளும் ஒரே நிறத்துல தைக்கணும். பச்சை. ஸ்டூடியோவுக்குப் போயி நிக்கணும்."

வாகியோவுக்குப் புறா பறந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது. சட்டென்று மூளையைத் தட்டினார்.

"எதுக்குத் தைக்கணும்? வீட்லயே படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல சட்டைய பச்சையாக்கி, நானே அச்சடிச்சுத் தாரேன்."

"எல்லாருக்குமா?"

"உங்கம்மாவுக்குக்கூட."

"சரி மாஸ்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முதல் பேச்சிலேயே 'சரி' சொன்னது கிடையாது. வாகியோ அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். மனுஷன் காதுக்குள்தான் புறா கூவிக்கொண்டிருந்ததே!

எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்து, கேமராவில் டைமர் போட்டுத் தானும் ஓடிப்போய் நின்று படம் எடுத்தார். அவர் பழுப்பு, சுமார்னி நீலம், மகள் வுலான் கறுப்பு, மாமியார் வெள்ளை. மகளின் லேப்டாப்பில் உட்கார்ந்து பச்சையை எடுத்து மாமியாரின் ரவிக்கையில் ஊற்றினார். அது ரவிக்கையோடு நின்றால்தானே? கழுத்தில் ஏறி, கன்னத்தைத் தாண்டி, நெற்றியில் போய் நின்றது.

"ஏன்டா வாகியோ, என்னைய எதுக்குத் தவளையாக்குனே?"

"இருங்கம்மா, துடைச்சிடறேன்."

துடைத்தார். காதும் சேர்ந்து போய்விட்டது.

"ஒரு காது போனா போகட்டும்மா," என்றாள் சுமார்னி. "இவர் பேச்சைக் கேக்க அதுவே ஜாஸ்தி."

வுலானின் காதைப் பெயர்த்துப் பாட்டிக்கு ஒட்டி, சாயங்காலத்துக்குள் ஒருவழியாக முடித்தார். திரையில் தளதளவென்று வாழைக்குருத்துப் பச்சை. அச்சடித்துக் காகிதம் வெளியே வந்தால் குட்டையில் படிந்த பாசி. வாகியோ பயந்துகொண்டே நீட்டினார்.

"அடேயப்பா!" என்றாள் சுமார்னி. "எந்த ஸ்டூடியோக்காரன் இப்படிப் பண்ணுவான்? இன்னும் பெருசா ஒண்ணு போடுங்க, கூடத்துல மாட்ட. அண்ணன் வீட்டுக்கு ஒண்ணு. சித்தப்பாவுக்கு ஒண்ணு. எண்டாங் அக்காவுக்குக் கட்டாயம் ஒண்ணு."

புகழ்ச்சியில் மனசு குளிர்ந்தால் கஞ்சனும் கர்ணன்தான். ஒன்பது படம் அடித்தார். பிரிண்டர் இருமி, விக்கி, நீல மையும் மஞ்சள் மையும் சொட்டில்லாமல் வற்றிப்போயின. சுமார்னி மறுநாள் மதியத்துக்குள் தெருவெல்லாம் விநியோகம் செய்துவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த நாள் வாகியோ எண்ணெய் வைத்துத் தலை சீவிக்கொண்டு புறாச் சந்தைக்குக் கிளம்பினார்.

"மார்னி, போனஸ் உறைய எடு."

"அது தையல்காரர்கிட்ட இருக்கே மாஸ்."

"தையல்காரர்கிட்டயா! அங்க எதுக்குப் போச்சு?"

"பெருநாளன்னைக்கு மன்னிப்புக் கேக்க ஊரே நம்ம வீட்டுக்கு வரும். சுவத்துல எல்லாரும் பச்சை. கீழ நாம பழுப்பும் கறுப்புமா நின்னா, 'படத்துல இருக்கறது யாரு?'ன்னு கேக்க மாட்டாங்க? நல்ல நாளும் அதுவுமா உங்களைப் புளுகன்னு சொல்ல விடுவேனா நான்?"

"அதுக்கு மொத்த போனசுமா?"

"படத்தைக் காட்டி எல்லாக் கடையிலயும் கேட்டேன். இப்படி ஒரு பச்சை உலகத்துலயே இல்லியாம். தனியா சாயம் முக்கித்தான் எடுக்கணுமாம். நீங்க கண்டுபுடிச்ச நிறமாச்சே, விலை இருக்காதா?"

வாகியோ நாற்காலியில் சரிந்தார். "அப்ப என் புறா?"

"அதுவா? காலையிலயே வந்தாச்சே. கூண்டைப் பாக்கலியா நீங்க?"

வாகியோ வாசலுக்கு ஓடினார். கூண்டுக்குள், ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, அட்டையில் ஒட்டி, குச்சிமேல் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது ஒரு காகிதப் புறா. உடம்பெல்லாம் ரோஜா நிறம்.

"மத்த மையெல்லாம் நீங்க தீத்துட்டீங்க மாஸ்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆனா தீனிச் செலவு மிச்சம்."