கலண்டரில் ஏறிய சின்னண்ணா

விசுவமடு,
2.3.1982

அன்பும் மதிப்பும் நிறைந்த சின்னண்ணாவுக்கு,

தங்கை அமராவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஐயா, அம்மா, நான், கன்று போட்ட சிவப்பி எல்லோரும் சுகம். அங்கே இங்கிலாந்துக் குளிரில் நீங்களும் உங்கள் கணக்கு வளைபரப்புகளும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மாளாச்சியைக் கும்பிடுகிறேன். இதை வாசித்து முடித்ததும் உங்கள் பேராசிரியரின் அறைக்கு ஓடுங்கள். நடந்து போனால் பிந்திவிடும்.

எல்லாம் கார்த்திகையில் வந்த உங்கள் கடிதத்தால் வந்தது. அட்சரகணிதத்தையும் கேத்திரகணிதத்தையும் சேர்த்து ஐந்து கட்டுரை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சித்திரையில் உங்கள் வேலையை நிரந்தரமாக்குவதென்றால் மற்றவர்கள் தங்கள் எழுத்தில் உங்கள் பெயரை எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்றும் பார்ப்பார்கள், இதுவரை மூன்று இடம்தான், அதில் இரண்டு நீங்களே உங்களைச் சொன்னது என்று எழுதியிருந்தீர்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்த இடத்தை மெல்லமாக வாசிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான் உரத்து வாசித்துவிட்டேன்.

ஐயா கதிரையை விட்டு எழும்பினார். “மூண்டோ? எங்கடை கோயில் நோட்டீசிலை என்ரை பேரே நாலு இடத்திலை கிடக்கு! பெடியனுக்கு இங்கை ஆக்கள் இல்லையோ?”

அன்றே தொடங்கினார். கோயில் நோட்டீசில் எட்டாம் திருவிழா உபயகாரருக்கு மேலே, ‘அட்சரகணிதக் கேத்திரகணிதச் சிங்கம் கலாநிதி ஏ. சிவராசா’ என்று நீங்கள் வந்துவிட்டீர்கள். பிறகு ஹலீம் நானாவின் புடைவைக் கடைக் கலண்டர். “அவர் நம்மட கடையில ஒரு சாரமும் வாங்கினதில்லையே, ஏரம்பண்ணை?” என்று நானா கேட்க, “அவன் காற்சட்டை போடுற ஊரிலை இருக்கிறான், பேரைப் போடும்” என்றார் ஐயா. இப்போது மலர்க்கொத்துப் படத்துக்குக் கீழே உங்கள் நல்லாசியுடன் கடை நடக்கிறது.

அதோடு நின்றிருக்கலாம். தை மாதம் எங்கள் ஊர்ப் பெரியவர் ஐயாத்துரையர் செத்துப்போனார். முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்குப் பாட்டு எழுதுகிற புலவருக்குப் பக்கத்தில் ஐயா போய்க் குந்திவிட்டார். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் முடிய ஒரு பாட்டு:

‘வளைபரப்பின் மூலையெல்லாம் வகுத்தறிந்த சிவராசன்
களையிழந்து கண்கலங்கக் காலனிடம் போனாயோ!’

அந்தப் பாட்டுக்கு இடம் விட்டதில் மருமகன் புலம்பல் விழுந்துபோயிற்று. மருமகன் வேறு யாருமில்லை, எங்கள் காணியை உழுகிற மிஷின்கார மயில்வாகனத்தார். முப்பத்தோராம் நாள் பந்தியில் அதைப் பார்த்ததும் பாயசம் கையிலை வழிய வழிய எழும்பிவிட்டார். “பாடை தூக்கினது நான், கண் கலங்கினது லண்டன்காரனோ? இனி உம்மடை காணியை அந்தச் சிங்கம் வந்து உழட்டும்!”

ஐயா பயந்துபோனார். “தம்பி, கோவியாதையும். அடுத்த கட்டுரையிலை பெடியன் உம்மடை பேரைப் போடுவான்.”

“மெய்யே? கொட்டை எழுத்திலை வரவேணும். உழவு மிஷின் உரிமையாளர் எண்டும் போடவேணும்.”

“போடாமல் விடுவானோ!”

இந்தக் கதை காத்திலை பறந்துவிட்டது. நானா தன்ரை கடைப் பேரையும் போடட்டாம், தள்ளுபடியையும் சொல்லட்டாம். புலவர் பாட்டு முழுக்க வரவேணுமாம். வாறவைக்கெல்லாம் நான் கதவுக்குப் பின்னாலை நிண்டு தேத்தண்ணி நீட்டினதுதான். அதுக்குள்ளை ஐயா நோட்டீசு, கலண்டர், கல்வெட்டு எல்லாத்தையும் ஒரு பார்சலாய்க் கட்டி உங்கடை பேராசிரியருக்குப் பதிவுத் தபாலிலை அனுப்பிப்போட்டார்! நான் அழுதன். “விசர்ப் பிள்ளை, கொண்ணன்ரை கட்டுரையை அங்கை எத்தினை பேர் வாசிப்பினம்? விடிய எழும்பிக் கலண்டர் பாக்காத சனம் உண்டோ?” எண்டார்.

அண்ணா, அந்தப் பார்சலை எப்படியாவது மறித்துவிடுங்கோ. உங்கடை வேலை போனால் நாங்கள்தான் காரணம். ஒருத்தற்றை பேரும் கட்டுரையில் போட முடியாது என்று ஐயாவுக்குக் கடுமையாக ஒரு கடிதமும் எழுதுங்கோ. உழவு நடக்காவிட்டால் நானும் அம்மாவும் மண்வெட்டியால் கொத்துவோம்.

அம்மாளாச்சி உங்களைக் காப்பாற்றட்டும். கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
என்றும் அன்புள்ள தங்கை,
அமராவதி

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் இன்னொருக்கால் யோசிச்சன். ஓட வேண்டாம், பார்சல் போகட்டும். கலண்டர் நல்ல வடிவு. மயில்வாகனத்தாருக்கும் ஒரு வரி போட்டுவிடுங்கோ. அந்த வரிக்குக் கீழை, இடமிருந்தால், சின்ன எழுத்திலை அமராவதி எண்டும் போடுங்கோ. நோட்டீசு, கலண்டர், கல்வெட்டு எல்லாத்திலையும் தேடிப் பாத்தனான், என்ரை பேர் ஒண்டிலையும் இல்லை. உங்கடை கட்டுரையை இங்கை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்தானே, அதாலை எனக்கு வெக்கமாயும் இராது.