வஞ்சிரக் குழம்பு மதிப்பீட்டுக் கமிட்டி

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்பது பூசை, மீன், தூக்கம் என்று இறைவனாலேயே வகுக்கப்பட்டது. பூசை எல்லாருக்கும் பொது. தூக்கம் ஆண்களுக்கு. மீன் ஐரீனுக்கு.

இந்த ஏற்பாட்டில் ஐரீன் ஒரே ஒரு திருத்தம் கேட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் அடுப்பங்கரைக்குள் கால் வைக்க மாட்டாள். அன்றைக்குப் பாக்கெட் சாப்பாடு. புதிதாகத் திறந்த ஏ.சி. சூப்பர் மார்க்கெட்டிலிருந்து மாதிரிக்கு ஒன்று வாங்கியும் வந்துவிட்டாள். 'கடலோரப் பாரம்பரிய வஞ்சிரக் குழம்பு, பிரீமியம்.' கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் வேலை தீர்ந்தது. அட்டையில் ஒரு பெண் சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டி கழுவுகிறவள் அப்படிச் சிரிக்க மாட்டாள்.

ஐரீனின் கணவர் சவரிநாதன் துறைமுகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார்; சூப்பரின்டென்டென்ட் இன்னும் பணியில் இருந்தார். விலையைப் பார்த்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு துண்டு மீனுக்கா?"

"மீனுக்கு இல்லங்க. என் ஞாயித்துக்கெழமைக்கு."

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு முடிவு பண்ணக்கூடாது ஐரீன். கொடுக்கிற விலைக்குப் பொருள் தகுதியானதான்னு முறைப்படி பரிசீலிக்கணும்."

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாதவர்கள் கமிட்டி போடுவார்கள். சவரிநாதன் போட்டார். தலைவர் அவரே. உறுப்பினர், ஐரீனின் தம்பி பிராங்கிளின். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை, சாப்பாட்டில் அனுபவம். வெளி நிபுணர், கீழ்வீட்டு ஜவுளி வியாபாரி சௌக்கத் அலி பாய்.

"பாய்க்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் ஐரீன்.

"தெரியாது. அதனாலதான் நடுநிலையா இருப்பாரு."

அடுத்த ஞாயிறு கமிட்டி கூடியது. பாக்கெட்டைப் பிரிக்கப்போன நேரத்தில் தலைவர் கையைத் தூக்கினார். எதோடு ஒப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதுவது? பக்கத்தில் வீட்டுக் குழம்பு ஒன்று இருக்க வேண்டாமா?

"அதாவது, நான் சமைக்க வேணாமான்னு கண்டுபிடிக்க நான் சமைக்கணும்."

"பரிசோதனைக்குத்தாம்மா."

"அக்கா, அப்டியே கொஞ்சம் நெத்திலி வறுத்துடேன்," என்றான் பிராங்கிளின். "நாக்கு ஒரு பதத்துக்கு வந்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

ஐரீன் சமைத்தாள். வீட்டுக் குழம்பைக் கமிட்டி சட்டி தெரிய வழித்தது. பாக்கெட் குழம்பைக் கடமைக்கு விரலால் தொட்டு நக்கியது. ஒரே ஒரு ரகத்தை வைத்து முடிவெடுப்பது நியாயமாகாது, பிரியாணிப் பாக்கெட்டையும் பார்க்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"பாக்கெட் பிரியாணி வெச்சா வூட்டு பிரியாணியும் வெக்கணுமே தங்கச்சி," என்றார் பாய். "நாயம்னு ஒண்ணு கீதுல்ல."

ஆக, ஞாயிறுதோறும் குழம்பு மட்டும் வைத்துக்கொண்டிருந்தவள், ஆராய்ச்சியின் நலன் கருதிக் குழம்பு, வறுவல், பிரியாணி எல்லாம் செய்தாள். பாத்திரம் கழுவுவது கமிட்டியின் ஆய்வு வரம்பில் வரவில்லை.

கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் அவளுக்குப் பொறுமை கற்றுக் கொடுத்திருந்தார்கள். அது அவளுக்கு அன்றைக்கும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டு, புளியைக் கரைத்துக் கொட்டினாள். கமிட்டி சாப்பிட்டு முடித்தது. தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு அறிவித்தார்.

"ரெண்டும் சமம்."

"சமம்தானே? அப்போ பாக்கெட்டே வாங்கிடலாம்."

"சமமா இருக்கிறப்போ எதுக்கு தண்டமா முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது?"

"நான் நல்லா வெச்சா?"

"பாக்கெட் தோத்துடுது."

"மோசமா வெச்சா?"

"சிக்கனம்."

"எப்டிப் பாத்தாலும் கெலிக்கிறது நீதான்க்கா," என்றான் பிராங்கிளின்.

மறுவாரம் பூசை முடிந்ததும் ஐரீன் வீட்டுக்குப் போகவில்லை. மெட்ரோ ஏறினாள், திருவொற்றியூரில் மகன் நிதிஷ் வீடு. வழியில் போன் அடித்தது.

"ஐரீன், கமிட்டி கூடிடுச்சு. பாக்கெட்டையாவது சுட வைக்கலாம்னா கேஸ் லைட்டரைக் காணோம்."

"தேடறதுக்குத் துணைக் கமிட்டி போடுங்க," என்று போனை வைத்தாள்.

மகன் வீட்டு மேஜையில் அவள் முன்னால் ஒரு தட்டு வந்தது. யாரோ பரிமாற, உட்கார்ந்து சாப்பிடுவது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. மருமகள் மகிழினி, எண்ணூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவள், வெந்நீரிலிருந்து பளபளப்பான ஒரு பாக்கெட்டை எடுத்து, கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிச் சோற்றில் கவிழ்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை நான் சமைக்கிறதில்ல அத்தை. வஞ்சிரம்தான், சாப்பிடுங்க."

ஐரீன் தட்டைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள், போன மாதத்தைவிட இளைத்தமாதிரி இருந்தான்.

"ஏம்மா, வாரத்துல ஒரு நாள் லீவு. எம்புள்ளைக்கு ஒரு குழம்பு வெச்சா கை தேஞ்சா போயிடும்?"

"தேயாது அத்தை," என்று மகிழினி எதிரே உட்கார்ந்து தனக்கும் ஊற்றிக்கொண்டாள். "கைக்கும் லீவு."

ஐரீன் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு வாய் வைத்தாள். ரொம்பவே நன்றாக இருந்தது.

"என்ன இருந்தாலும்," என்றாள், "வீட்டுல வெச்ச மாதிரி வராது."