பெட்டி மாறாது, சம்பந்தி!

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளின் அப்பா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். மற்ற அளவுகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையால் எழுதியிருக்கிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். கையெழுத்துக்குக் கட்சி கிடையாது. இன்றைய தேதியில் என் வீட்டில் எந்தக் கட்சியிலும் சேராத பொருள் இந்தப் பேனா ஒன்றுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் தங்கள் மகனும் என் மகளும் இங்கே சாப்பிட வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வராத ஞாயிறே கிடையாது. தங்கள் மகனும் என் மகனும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சொத்துத் தகராறு என்றாலாவது நாலு பேரிடம் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் தகராறு. அதுவும் அவர்களுடைய கம்ப்யூட்டர் இல்லை, என்னுடையது.

என் தொழில் தங்களுக்குத் தெரியும். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடை. வீட்டின் முன்னறைதான் கடை. 'பெறப்பட்டது', 'ரத்து செய்யப்பட்டது', 'உண்மை நகல்' என்று உலகம் முழுக்க ஆபீசர்கள் ஓங்கிக் குத்துகிற வார்த்தைகளை நான் உட்கார்ந்து அடித்துக் கொடுப்பவன். எழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பி வைத்து, அப்புறம் ரப்பரில் எடுக்க வேண்டும். அப்போதுதான் தாளில் குத்தும்போது நேராக விழும். இதற்கு என்னிடம் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. அது ஜன்னல் படம் போட்ட வகை. ஆனால் ஜன்னல்காரர்களே சாத்திவிட்டுப் போய்விட்ட ஜன்னல். திரைக்குப் பின்பக்கம் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிசு. இன்டர்நெட் கிடையாது, சத்தமாக மூச்சு விடும், சில நாள் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால்தான் எழுந்திருக்கும். நானும் காலையில் அப்படித்தான் எழுந்திருக்கிறேன் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்னறையிலிருந்து அது இருமியது. அன்று பிடித்தது சனி.

"அப்பா, இதை மியூசியத்துக்குக் குடுத்துடுங்க. நான் புதுசு வாங்கித் தரேன்" என்றான் என் மகன். அவன் புது ஜன்னல் கட்சி. "ஜன்னலைத் தூக்கிட்டு ஜன்னலா? மாமா, நான் ஒண்ணு கொண்டு வரேன். நீங்க எதையும் தொடவே வேணாம், அதுவே பாத்துக்கும்" என்றார் மாப்பிள்ளை. அவர் கடித்த பழம் போட்ட கட்சி என்பது தங்களுக்குத் தெரிந்ததுதானே. நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன். என் தலைக்கு அந்தப் பழக்கம் உண்டு. அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டியோடு ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்றார்கள்.

எதை எடுத்துக்கொண்டாலும் இன்னொருவர் முகம் சுருங்கும். அதனால் மிகவும் புத்திசாலித்தனமாக இரண்டையும் மேஜையில் வைத்து, காலையில் மகனுடையது, மதியம் மாப்பிள்ளையுடையது என்று முறை போட்டேன். பத்தாம் வகுப்பு வரை போனவன் நான். அதற்கு மேல் போக அதுவும் விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அந்தப் படிப்புக்கு இவ்வளவு ராஜதந்திரம் அதிகம். என் பழைய பெட்டியைத் தரையில் இறக்கி வைத்தார்கள். உட்காரச் சொல்லாத விருந்தாளி மாதிரி அது ஒரு மூலையில் இருந்தது.

முதலில் காலை முறை. சம்பந்தி, நான் தட்டச்சு கற்றது பழைய மிஷினில். அதில் 'பெ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பை அடிக்க வேண்டும், அப்புறம் 'ப'. கண்ணுக்கு எது முன்னால் தெரிகிறதோ அது முன்னால். இதில் என்ன தப்பு? என் பழைய பெட்டியும் அப்படித்தான். மகன் கொண்டுவந்த பெட்டியில் அவன் வைத்துக் கொடுத்த முறையோ முதலில் 'ப' கேட்கிறது. பிறகு கொம்பு போட்டால், அது போய் முன்னால் நின்றுகொள்கிறது. பின்னால் வந்தவனுக்கு முன்னால் நாற்காலி! மகன் இதை எனக்குப் படித்துப் படித்துச் சொன்னான். மூளை கேட்டுக்கொண்டது, விரல் கேட்கவில்லை. பெரிய அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த 'பெறப்பட்டது' ஆர்டரை நான் அவசரத்தில் அடிக்க, 'ெபறப்பட்டது' என்று வந்தது. கொம்பு தனியாக, அதன் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். கண்ணாடி போடாமல் பார்த்தேன். ஏதோ பூ டிசைன், புதுப் பெட்டிக்காரன் இனாமாகக் கொடுத்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டு ஸ்டாம்பை அனுப்பிவிட்டேன்.

அந்த அலுவலகத் தலைமை எழுத்தர் ஒரு வாரம் கழித்து வந்தார். நான் அடி வாங்கத் தயாராக எழுந்து நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, அந்த வட்டம் எங்க பிரிவுக்கு மட்டும்தானா? பக்கத்துப் பிரிவு அதிகாரி, எங்களுக்கு மட்டும் ஏன் வட்டம் இல்லைன்னு மேலிடத்துக்கு எழுதிட்டார். எல்லாத்துலயும் வட்டம் போட்டுக் குடுத்துடுங்க" என்றார். அது வட்டம் இல்லை, பிழை என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் பிழையையா பெற்றுக்கிட்டோம்?" என்று கேட்டுவிட்டு, எல்லா ஸ்டாம்பையும் மேஜையில் கொட்டிவிட்டுப் போனார். உண்மை பேசினால் வியாபாரம் நடக்காது என்று என் மனைவி பல தடவை சொல்லியிருக்கிறாள்.

மதிய முறையில் வேறு கதை. மாப்பிள்ளை சொன்னது நிஜம், அந்தப் பெட்டி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறது. அவர் அதில் ஏற்றிக் கொடுத்த ஸ்டாம்ப் புரோகிராம் எழுத்தையும் தானே திருப்பிவிடுகிறது. எனக்கு அது தெரியாது. வழக்கப்படி நானும் ஒரு தடவை திருப்பினேன். திருப்பியதைத் திருப்பினால் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியாரான தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெரு டாக்டரம்மாவின் பெயரும் பட்டமும் கண்ணாடியில் காட்டினால் மட்டும் படிக்கிற மாதிரி மருந்துச் சீட்டில் விழுந்தது. அவர் எழுத்தே ஏற்கெனவே யாருக்கும் புரியாது. முத்திரையும் அதோடு கூட்டு சேர்ந்துகொண்டது. மருந்துக்கடைக்காரர் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பின்பக்கமாகப் படித்துப் பழகிவிட்டாராம். "இப்பதான் சார் ஒரு வழியா புரியுது" என்றார் என்னிடம்.

இதோடு போயிருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அந்த ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் இந்த இரண்டு கதையும் வெளியே வந்தது. வந்ததா? நான்தான் சொன்னேன். சிரிப்பார்கள் என்று சொன்னேன்.

"அத்தான், உங்க பெட்டி அழகு, ஒத்துக்கறேன். ஷோகேஸ்ல வைங்க. ஒரு பென்டிரைவ் சொருகக்கூட அதுல ஓட்டை இல்ல" என்றான் மகன்.

"ஓட்டை இல்லாததுதான் மச்சான் நல்ல பாத்திரம். உங்களது வேலைக்கு நடுவுல 'கொஞ்சம் பொறுங்க, அப்டேட் ஆகுது'ங்குது. எங்க மேனேஜர்கூட என்னை அவ்வளவு காக்க வைக்கிறதில்ல" என்றார் மாப்பிள்ளை.

"எங்களது கெட்டுப்போனா தெருமுனைல சரி பண்ணுவாங்க. உங்களது?"

"கெடாது. நான் பார்த்துத் தேர்ந்தெடுத்தது எதுவும் சோடை போனதில்ல. உங்க அக்காவையே எடுத்துக்குங்க."

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் மகளுக்குக்கூட முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆனால் என் மகன் என் மகன் அல்லவா, வாயை மூடினால் வலிக்கும். "அக்காவும் அப்படித்தான் அத்தான். பார்க்க அழகு, ஆனா ரிப்பேர்னா யாரும் கிட்டப் போக முடியாது" என்றான்.

மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அவருக்கு நான் பெட்டி, உனக்கு நான் ரிப்பேரா? அப்பா, நீங்களும் சிரிச்சீங்க, நான் பார்த்தேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை, சம்பந்தி, சோறு புரையேறியது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவள் கையைக் கழுவாமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை பின்னாலேயே போனார். வாசலில் திரும்பி, "மாமா, எந்தப் பெட்டின்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அப்புறம் வரோம்" என்றார்.

மகனை மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். நேரில் போடா என்றேன். கூச்சமாக இருக்கிறது, போனில் அனுப்புகிறேன் என்றான். அவன் போன் அடுத்த வார்த்தையைத் தானே எடுத்துக் கொடுக்கும் ரகம். 'அக்கா, அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிக்க' என்று இவன் அடித்து நிறுத்த, போன் 'முடியாது' என்று எடுத்துக் கொடுக்க, இவன் கடைசி வார்த்தையைப் பார்க்காமல் தட்டி அனுப்பிவிட்டான். அதற்கு என் மகளிடமிருந்து ஒரே ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அது சம்மதக் கட்டைவிரல் இல்லை என்று என் மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னாள்.

என் மனைவி ஞாயிறானால் இன்னமும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள். தட்டை எடுத்து வைப்பாள், தெருவைப் பார்ப்பாள், திரும்ப அடுக்குவாள். "என்னங்க, ரெண்டு பக்கமும் தலையாட்டினீங்களே, ஒரு பக்கமாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அதுதான் உறைத்தது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இரண்டு புதுப் பெட்டியும் இப்போது பரண் மேல் இருக்கின்றன. ஒன்று இன்னொன்றைப் பார்க்காதபடி நடுவில் ஒரு பழைய சூட்கேஸ். என் பழைய பெட்டியைத் திரும்ப மேஜையில் ஏற்றி, துடைத்து, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன், இருமிக்கொண்டு எழுந்தது. நான் இருக்கும்வரை இந்தப் பெட்டிதான். ஜன்னலும் வேண்டாம், பழமும் வேண்டாம், வேறு எந்தக் கட்சிக்காரர் வந்து கும்பிட்டாலும் வேண்டாம். மகனே அழுதாலும், மாப்பிள்ளையே கேட்டாலும், பிரம்மாவே கீபோர்டோடு வந்தாலும் இது மாறாது. தாங்கள் ஒருவர்தான் இந்தக் குடும்பத்தில் இந்தப் பைத்தியம் பிடிக்காதவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர். தாங்கள் மாப்பிள்ளைக்கு ஒரு வரி எழுத வேண்டும். மாமனார் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, யாருக்கும் தோல்வி இல்லை, ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போ என்று, வகுப்பில் சொல்வீர்களே அந்தக் குரலில். என் மகனை நான் காதைப் பிடித்து அக்கா முன்னால் நிறுத்துகிறேன். அந்தக் காது என் பொறுப்பு.

சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி குறைந்து, தாங்கள் வைத்த செடியெல்லாம் பூத்து, தங்கள் வீட்டில் எல்லாப் பொருளும் முதல் தட்டிலேயே எழுந்திருக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். என் மனைவி தன் அன்பைத் தனியாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
முடிவில் உறுதியாக நிற்கும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டி வைத்தேன். தபால்தலை வாங்க மறந்து கடிதம் மேஜையிலேயே கிடந்தது. அதற்குள், மாப்பிள்ளை சொல்லித் தகராறு தங்களுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, தாங்கள் அனுப்பிய பார்சல் வந்துவிட்டது. உள்ளே தங்கள் பழைய கம்ப்யூட்டர், அதில் ஜன்னலுக்கும் பழத்துக்கும் பதிலாக ஒரு பென்குவின் பறவை படம், கூடவே தங்கள் சீட்டு: 'சம்பந்தி, பையன்கள் இருவரையும் நம்பாதீர்கள். நான் பல வருஷமாகப் பறவைக் கட்சி. வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை.' தங்களை நான் என்னவென்று நினைத்திருந்தேன்! சம்பந்தி அனுப்பியதைத் தொடாமல் திருப்பி அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். இன்னும் அணைக்கவில்லை. கறுப்புத் திரையில் நான் ஒரு வரி அடிக்கிறேன், உடனே செய்கிறது. இந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்கிற முதல் ஜீவன். ஆகையால் மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பழைய பெட்டியைப் பரணுக்கு அனுப்பிவிட்டேன். பறவை இல்லாத வீடு ஒரு வீடா, சம்பந்தி?

செய்தி எப்படியோ பரவி, மகனும் மாப்பிள்ளையும் மகளோடு நேற்றே ஓடி வந்துவிட்டார்கள். "அத்தான், அப்பா ராத்திரி பகலா கறுப்புத் திரையில என்னமோ தட்டறார்" என்று இவன் சொல்ல, "பயப்படாதீங்க மச்சான், நாம ரெண்டு பேரும் சேர்ந்து மாமாவை வெளியில கொண்டு வந்துடலாம்" என்று அவர் இவன் தோளைத் தட்ட, என் மகள் சிரித்துச் சிரித்து இருவருக்கும் பரிமாறினாள். நான் அசைவதாக இல்லை. சாப்பிட்டு முடித்தும் இருவரும் கிளம்பவில்லை. முறை போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள். மாப்பிள்ளையை வரச் சொல்லி எழுத வேண்டாம். போகச் சொல்லி ஒரு வரி எழுதவும்.