முந்தி அண்ணனின் இங்கிலீஷ்

காஞ்சிபுரத்தில் முந்தி அண்ணனோடு ஒரே கடையில் வேலை பார்த்துவிட்டு மானத்தோடு வீடு திரும்பியவன் எவனும் இல்லை. நான் தினமும் அது இல்லாமல்தான் திரும்பினேன்.

பட்டுக்கடையில் புடவையை விரித்ததும் முதலில் முந்தியைத்தான் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் வாங்க வந்தவர்கள் முகம் மலரும், அல்லது சுளிக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போன அண்ணன், இங்கிலீஷுக்கும் இதே சட்டத்தைப் போட்டுவிட்டார்.

"வார்த்தைக்கும் முந்திதான்பா முக்கியம். 'ஹேப்பி'ன்றது உடம்பு. முன்னாடி ஒரு 'அன்' போட்டுப் பாரு, சந்தோஷம் பூடும்!"

அத்தோடு விட்டாரா? பதினொரு மணி வடை 'ப்ரீ-சாப்பாடு'. இரண்டாவது டீ 'ரீ-டீ'. விலை படியாமல் வெளியேறிய அம்மாளைத் தெருவரை துரத்திப்போய், "ரீ-வாங்க மேடம்!" என்று கூவினார். கத்தியது அவர், கூனிக்குறுகியது நான்.

புடவையை விற்பவரே தோளில் போட்டுக் காட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அண்ணன் குள்ளம். அவர் போட்டால் முந்தி தரையைப் பெருக்கும். அதனால் உயரமான என்மேல்தான் சுற்றுவார்.

அப்படி ஒருநாள் அரக்குக் கலர் முகூர்த்தப் புடவையில், கொசுவம் சகிதம் நின்றுகொண்டிருந்தேன். தாமலிலிருந்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண், அவள் அப்பா, அம்மா. மாப்பிள்ளை வேலை செய்யும் அழகை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்க அப்பாவுக்கு ஆசையாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனவன் நான். ஓடலாம் என்றால் கொசுவம் விடவில்லை.

"இவரா மாப்பிள்ளை?" என்றார் அப்பா.

"ஆமாங்க, அன்-மேரீட்!" என்றார் அண்ணன் பெருமையாக. பிறகு பெண்ணிடம் திரும்பி, "முன்னாடி ஒரு 'அன்' ஒட்டிக்கினு இருக்குதும்மா. அத்த நீ எடுத்துட்டா சரியாப் பூடும்" என்றார்.

பூமி பிளந்திருந்தால் புடவையோடு இறங்கியிருப்பேன். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் மட்டும் கிட்டே வந்து, என் தோளில் கிடந்த முந்தியை விரித்துப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு இதுவே இருக்கட்டும்பா."

"புடவையா?"

"ரெண்டும்தாம்பா."

கல்யாணத்திலும் எதையாவது கத்தி மானத்தை வாங்குவாரே என்று பயந்துகொண்டேதான் அண்ணனுக்குப் பத்திரிகை வைத்தேன். முகூர்த்த நேரம் நெருங்கியும் ஆளைக் காணோம். ஐயர் தாலியை எடுத்து நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க சாமி," என்றேன், "எங்க அண்ணன் இன்னும் வரலை."