மதுகர்ராவ் திருப்பிய கிளட்ச்

தன் புல்லட்டை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. மதுகர்ராவ் வாழ்க்கையில் இதுநாள்வரை காப்பாற்றி வந்த கொள்கை அது ஒன்றுதான். மற்றக் கொள்கைகளையெல்லாம் கல்யாணமான புதிதிலேயே மனைவி வைஜயந்தியிடம் ஒப்படைத்துவிட்டார்.

அந்த ஒன்றுக்கும் அவர் வாயே வேட்டு வைத்தது. கோலாப்பூரில் பாட்வா என்னும் மராத்திப் புத்தாண்டு காலையில் பெண்கள் ஒன்பது கஜச் சேலை உடுத்தி, காவித் தலைப்பாகை கட்டி, பைக்கில் ஊர்வலம் போவார்கள். தெருக் கமிட்டிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த மதுகர்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. "பைக்கைப் பூட்டி வைக்கிறவன் ஆம்பிளையா? ஒவ்வொருத்தனும் சாவியைப் பெண்டாட்டி கையில குடுங்க!" என்று முழங்கிவிட்டார். கைதட்டல் அடங்கவில்லை. முதல் வரிசையில் வைஜயந்தி எழுந்து கையை நீட்டினாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியாது என்றும் சொல்ல வழியில்லை. அண்ணனின் கரும்பு வயலில் பைக்கோடு புரண்டு வளர்ந்தவள். ஊர் முன்னால் பேசியாயிற்று. இனி முடியாது என்றால் மானம் போகும். சரி என்றால் புல்லட் போகும்.

மதுகர்ராவ் யோசித்தார். நான் முடியாது என்று சொன்னால்தானே தப்பு? வண்டியே சொல்லட்டும்.

பாட்வா காலையில் அவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரம் பார்த்து, ஸ்பேனரோடு உட்கார்ந்தார். கிளட்ச் பிடியை வானம் பார்க்கத் திருப்பினார். கேபிளையும் தொளதொளவென்று தளர்த்தினார். இனி பிடியை முழுக்க அழுத்தினாலும் கிளட்ச் பாதிதான் விடும். கியர் போட்டதும் வண்டி துள்ளி அணைந்துவிடும். வேலை முடிந்ததும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றும் அறியாத முகத்தையும் போட்டுக்கொண்டார்.

வைஜயந்தி பச்சைச் சேலையில் வந்தாள். தெருப் பெண்கள் அவரவர் பைக்கில் காத்திருந்தார்கள். உதைத்தாள், கியரைப் போட்டாள். வண்டி கன்றுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி உதைத்தாள். மறுபடி துள்ளல்.

"என்னங்க, வண்டி இப்படி எகிறுது?"

"எகிறல, வைஜூ. வெட்கப்படுது. ஆம்பிளை கைக்கே பழகின வண்டி."

"நேத்து பட்டு மாதிரி போச்சே?"

"நேத்து அமாவாசை."

"அமாவாசைக்கு ஓடுற வண்டி பண்டிகைக்கு ஓடாதா?"

"மனசு தளராதே. நடந்து போற கூட்டத்துல சேர்ந்துக்கோ. நடந்தா உடம்புக்கும் நல்லது."

அவள் பிடியைப் பார்த்தாள். பிறகு அவர் கட்டைவிரலில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். மதுகர்ராவ் சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை.

அவள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ரங்கராவ் தம்பி! ஸ்பேனர் இருந்தா எடுத்துட்டு வாங்க. கிளட்ச் சரி பண்ணணும். பாவம், இவருக்குத் தெரியல."

"யாருக்குத் தெரியல?" என்றார் மதுகர்ராவ்.

"குத்தமா சொல்லலங்க. வயசாச்சு. கை நடுங்கும்."

ரங்கராவ் குறடோடு ஓடி வந்தான். "சின்ன வேலைதானே அண்ணே. ஒரு தட்டு தட்டினா..."

"தட்டுவியா? கியரே இல்லாத ஸ்கூட்டர்ல கத்தரிக்கா வாங்கப் போறவன் என் புல்லட்டைத் தட்டுவியா? தள்ளுடா!"

"தள்ளுங்க தம்பி," என்றாள் வைஜயந்தி. "அவரும் முயற்சி பண்ணிப் பார்க்கட்டும்."

முயற்சி! மதுகர்ராவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"வைஜூ, ஏறி உக்காரு! எல்லாரும் பாத்துக்கோங்க. கையை நீட்டு. முழங்கையிலேர்ந்து விரல் வரைக்கும் ஒரே கோடு. மணிக்கட்டு மடங்கவே கூடாது."

"என் விரல் குட்டையாச்சேங்க?"

"அதுக்குத்தான் பிடியை இப்படி உள்பக்கம் தள்றேன். இப்ப நுனியில பிடி. லேசா இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் கீழே."

"இப்ப?"

"ஒரு நூல் மேலே. ஆங்... அப்படியே முடுக்குங்க."

முடுக்கினார். கேபிளுக்குத் தாவினார். "அழுத்தினா முதல்ல ஒரு காசு கனம் சும்மா ஆடணும். அப்புறம்தான் இழுக்கணும். ஆட்டம் அதிகமானா கிளட்ச் விடாது, வண்டி எகிறும். இதுகூடத் தெரியாத மடையன் எவனோ இதைத் தளர்த்தி வெச்சிருக்கான்!"

"எவனா இருக்கும்?" என்றாள் வைஜயந்தி.

மதுகர்ராவ் ஸ்பேனரைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

அவள் உதைத்தாள். வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் கியர் விழுந்தது. தெருப் பெண்கள் சீட்டியடித்தார்கள். புல்லட் மற்ற பைக்குகளுக்குத் தலைமை தாங்கி முனை திரும்பி மறைந்தது.

தெருவே காலி. மதுகர்ராவும் ஸ்பேனரும்தான் பாக்கி.

அப்போது தடதடவென்று சத்தம். புல்லட் திரும்பி வந்துகொண்டிருந்தது! ஒருவேளை முடியாமல் திரும்பிவிட்டாளோ? அவர் முகம் மலர்ந்தது. வைஜயந்தி இரண்டே விரலால் கிளட்சைப் பிடித்து, பூப்போல அவர் முன்னால் நிறுத்தினாள்.

"அங்க ஊர்வலத்தைத் தொடங்கக் கொடி அசைக்க உங்களைத் தேடறாங்க. பின்னால ஏறுங்க. என் சேலையை மிதிக்காம."