கூலிங் கிளாஸும் மூணாவது பாகமும்

இனிமேல் டி.வி. முன்னால் உட்கார்ந்து தூங்குவதில்லை என்று கண்ணாடிக்காரர் ஒரு திங்கட்கிழமை சபதம் எடுத்தார். சபதம் உடைந்ததும் அதே திங்கட்கிழமைதான். சாயங்காலம் ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு!

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மனுஷர் அவர். பகலெல்லாம் ஊரார் கண்ணுக்கு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தால், தன் கண் தன் பேச்சைக் கேட்காது.

அவர் மனைவி ஒன்றும் ஆகாயத்தைக் கேட்கவில்லை.

"மகளும் வெளியூருக்குப் படிக்கப் போயிட்டா. பேச ஆளில்லாம என் வாய் துருப்பிடிச்சுப் போச்சுங்க. ஏழு மணிக்கு என் பக்கத்துல உக்காந்து இந்தத் தொடரைப் பாருங்க. முடிஞ்சதும் அதைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க. போதும்."

தொடர் இன்டர்நெட்டில் வருகிற ஒரு விஞ்ஞானத் திகில்; தினம் ஒரு பாகம் போட்டுப் பார்ப்பதென்று கணக்கு. ரயில் என்ஜினியர் ஒருவன் அலாரம் அடித்து எழுந்திருக்கிறான். தினமும் அதே செவ்வாய்க்கிழமை! அதே மழை, அதே உடைந்த கோப்பை, சாயங்காலம் அதே கொலை. கொலையைத் தடுத்தால்தான் அவனுக்குப் புதன்கிழமை விடியும். எல்லாப் பாகமும் அந்த அலாரத்தில்தான் ஆரம்பம். அது அடித்ததும் என்ஜினியர் எழுந்துகொள்வான், நம்ம ஆள் தூங்கிப்போவார்.

முதல் நாள் மனைவி முழங்கையால் இடித்து எழுப்பினாள். இரண்டாம் நாள் இடிக்கவில்லை. டி.வி.யை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறு யாராவது என்றால் அடுத்த நாள் முழித்திருந்திருப்பார்கள். இவர் திட்டம் போட்டார்.

புதன்கிழமை வரும்போது மூக்கில் கன்னங்கரேலென்று ஒரு கூலிங் கிளாஸ். அவரே தேய்த்து மாட்டியது.

"என்னங்க இது, வீட்டுக்குள்ள?"

"டி.வி. வெளிச்சம் கண்ணைக் கெடுத்துடும். இந்தத் தொழில்லயே இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"போட்டுக்குங்க, போட்டுக்குங்க. எடுப்பாத்தான் இருக்கு."

திட்டத்தில் பாதிதான் கண்ணாடி. மீதிப் பாதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அன்றைய பாகத்தின் கதைச்சுருக்கத்தை போனில் படித்து மனப்பாடம் செய்வது. பள்ளிக்கூடத்தில்கூட அவர் அப்படிப் படித்ததில்லை.

"இன்னைக்கு எப்படிங்க?"

"பிரமாதம்! அந்த டிக்கெட் பரிசோதகர் மேல எனக்கு முதல்லயே ஒரு கண்ணு."

"அடேயப்பா! அப்புறம்?"

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சிரித்தாள். வியாழன், வெள்ளி, சனி, நாளுக்கு நாள் கேள்வி கூடியது. இவ்வளவு நேரம் இருவரும் பேசி எத்தனை வருஷமாயிற்று! அவள் சிரிக்கச் சிரிக்க அவருக்கு உள்ளுக்குள் கூசியது. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்வார். நாளைக்கு அலாரம் அடிக்கும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெளுத்து வாங்கினார்.

"ஏழு பாகத்துல இதுதான்டி பாகம்! நாளைத் திருப்பித் திருப்பி விடுறதே அவன் பொண்டாட்டிதான்! பார்த்தியா, எப்படித் தூக்கிவாரிப் போட்டுச்சு!"

"எனக்கும்தாங்க தூக்கிவாரிப் போடுது. அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு டி.வி.யைப் பாருங்க."

கழற்றினார். திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது: பாகம் மூன்று.

"புதன்கிழமையிலருந்து அஞ்சு நாளா மூணாவது பாகம்தான் போடுறேன்."

"எ... எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கூலிங் கிளாஸ் கண்ணை மறைக்கும். குறட்டையை மறைக்குமா?"

அவருக்குக் காது மடல்வரை சூடேறியது.

"அப்ப தினமும் அவ்வளவு ஆசையாக் கேட்டியே?"

"என்னைக்காவது ஒரு நாள் நீங்களே உண்மையைச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க மீதிக் கதையைச் சொல்லிட்டீங்க. அந்தப் பொண்டாட்டி விஷயத்தை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்து வாயைப் பொளக்கணும்னு இருந்தேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மனுஷர் குறுகிப்போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்று. அதையும் போனில் படித்துக் கெடுத்தாயிற்று.

"தப்புதான். மன்னிச்சுடு. இப்பவே மறுபடி போடு. கண்ணாடி வேணாம், ஒண்ணும் வேணாம். இமை கொட்டாமப் பார்க்கிறேன். சத்தியம்!"

"நீங்க முழுசாப் பார்க்கிற அன்னைக்குத்தான் இந்த வீட்ல நாலாவது பாகம்."

"சரி."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். சோபா வேண்டாமென்று முதுகு சாயாத மர நாற்காலியைப் போட்டு, விறைப்பாக உட்கார்ந்தார். திரையில் அலாரம் அடித்தது.

கண் விழித்தபோது ஒரே இருட்டு. இன்னும் ராத்திரிதான் போலிருக்கிறது என்று முகத்தைத் தடவினார். மூக்கின் மேல் கூலிங் கிளாஸ். கழற்றினால் பளீரென்று திங்கட்கிழமை காலை. மர நாற்காலியிலிருந்து எப்போது சோபாவுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தது.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எழுந்தாச்சாங்க? இன்னைக்கும் ஏழு மணிக்கு மூணாவது பாகம்தான்!"