தறிக்காரர் முட்டியும் என் கல்யாணப் புடவையும்

மருத்துவப் பத்திரிகை படிக்காத டாக்டரிடம் போகக் கூடாது. அதைப் படித்த கையோடு நோயாளியைப் பார்க்கிற டாக்டரிடம் போவது அதைவிட மோசம். இதை நான் சொல்வது எனக்கே நல்லதில்லை, ஏனென்றால் அந்த இரண்டாவது டாக்டர் நான்தான்.

காஞ்சிபுரத்தில் நான் போர்டு மாட்டிய புதிது. காலேஜில் படித்ததெல்லாம் அதற்குள் பழசாகிக்கொண்டிருந்தது. இந்த மிக்ஸ்சரை நிறுத்து, அந்த ஊசியைப் போடு என்று சொல்லித்தர ஒரு பத்திரிகை வாராவாரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. நல்ல பத்திரிகைதான். கோளாறு படித்தவனிடம். ஈரலைப் பற்றிக் கட்டுரை வந்த வாரம் என்னிடம் வந்த எல்லோருக்கும் ஈரல் வீங்கியிருந்தது. (வீங்கியிருந்தது என் தலைதான்.)

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. கூறைப்புடவைக்கு அம்மா எங்கோ தறிக்குச் சொல்லியிருந்தாள். எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரப் பத்திரிகை முட்டியைப் பற்றிச் சொன்னது. காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்து முட்டிக்குக் கீழே தட்டினால், அந்தக் கால் ஒரு தரம் எகிற வேண்டும். வேறு மாதிரி ஆடினால் நரம்பில் கோளாறு. தட்டாரிடம் ஒரு சின்னச் சுத்தியல் வாங்கி, நுனியில் துணி சுற்றிக்கொண்டேன்.

முதலில் மாட்டியவர் தறிக்காரர் முருகேசன். பாவம், இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவர். இருமலை யார் பார்த்தது? முட்டியில் தட்டினேன். வலது கால் எகிறியது. அது இறங்குவதற்குள் இடது கால் எகிறியது. மறுபடி வலது. கூடவே கையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பத்திரிகையைப் புரட்டினேன். அப்படி ஒரு நோயே அதில் இல்லை. ஆகா, புது நோய்! என் பெயரையே வைத்துவிடுவார்கள்!

"தறிப் பக்கமே போகக் கூடாது. காலைத் தூக்கி வைத்துப் படுத்திருங்கள். கஞ்சிதான் ஆகாரம்" என்றேன்.

"பொடவ ஒண்ணு பாதியில நிக்குதுங்களே சாமி, அது வந்து..."

"வந்தும் வேண்டாம், போயும் வேண்டாம். உயிர் பெரிசா, புடவை பெரிசா?"

(அவரைப் பேசி முடிக்க விட்டிருக்கலாம்.)

மறுநாள் அவர் தெருவுக்கே போய் நெசவாளர் முட்டிகளையெல்லாம் தட்டினேன். அத்தனை பேருக்கும் அதே ஆட்டம். கொள்ளைநோய்! தெருவையே படுக்கவைத்துவிட்டு, பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் புடவை வாங்கப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பினாள்.

"தெரு முழுக்கத் தறிச் சத்தமே இல்லடா! முருகேசன் கால தூக்கி வெச்சுக்கினு கஞ்சி குடிச்சிக்கினு இருக்கிறான். எந்தக் கட்டையில போறவன் படுக்கச் சொன்னான்னு கேட்டா, 'உங்க புள்ளதாம்மா'ன்றான்!"

நரம்பு, கொள்ளைநோய் என்று என்னவோ உளறினேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டாள்.

"எங்க, என் முட்டியத் தட்டு."

தட்டினேன். ஒரு கால் எகிறியது. மற்றது தேமேயென்று கிடந்தது.

"எனக்கு ஏன்டா வரல? தறியில உக்காராதவங்க யாருக்குனா வந்திருக்குதா?"

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காலமெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு, வலது மிதி, இடது மிதி என்று மாறி மாறி மிதித்து, கையால் கயிற்றை வெடுக்கென்று இழுத்து நூல் நாடாவை ஓட்டுகிற உடம்பு! காலைத் தொங்கப்போட்டால் அதற்குத் தறி ஞாபகம் வந்துவிடுகிறது. நோயாவது, நொடியாவது!

ஓடினேன். காலில் விழாத குறையாக எல்லோரையும் எழுப்பினேன். முருகேசனின் இருமல்கூடத் தானே போயிருந்தது. ஆனால் மிச்சப் புடவையை ஒரே ராத்திரியில் நெய்ய முடியுமா? மறுநாள் கல்யாணப்பெண் செங்கமலம் அவள் அக்காவின் பழைய புடவையில் மணையில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு மானமே போய்விட்டது. ஊர் முழுக்க விஷயம் பரவியிருந்ததோ என்னவோ, தாலி ஏறியதும் குனிந்த தலை நிமிராமல் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை:

"என் முட்டி நல்லாத்தான் இருக்குதுங்க."

கூறைப்புடவை தீபாவளிக்கு வந்து சேர்ந்தது. பத்திரிகை இன்றும் வருகிறது, நானும் ஒரு பக்கம் விடாமல் படிக்கிறேன். ஆனால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமல் யாரையும் தொடுவதில்லை. நெசவாளர்கள் என் பெஞ்சில் சம்மணம் போட்டுத்தான் உட்காருகிறார்கள். வீட்டில் செங்கமலமும் அப்படித்தான். தபாலில் வந்த பத்திரிகையை என்னிடம் நீட்டுவதற்கு முன்னால், இரண்டு காலையும் மடக்கி நாற்காலி மேல் பத்திரமாக ஏற்றி வைத்துக்கொள்கிறாள்.